சோப்பு உறையில் என்னைச் சாகடித்தவர்கள் மீது

அனுப்புநர்:
எர்லிண்டா ஃபூனெஸ்,
ஆயத்த ஆடைத் தொழிலாளி,
கால்வாய்க்கரைக் குடியிருப்பு,
லா லிமா, ஹோண்டுராஸ்.

பெறுநர்:
வட்டாரக் குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
சான் பெத்ரோ சூலா.

பொருள்: எல் ப்ரோகிரெசோவுக்கு வெளியே இயங்கும் ‘காசா எஸ்பிகா’ குழந்தைகள் இல்லம், என் மகள் தாரியெலாவை அநாதை என்று காட்டி, கனடாவில் உள்ள ஒரு சோப்புக் கடை வழியாக நன்கொடை திரட்டுவது; நான் கேட்டும் மகளைத் திருப்பித் தர மறுப்பது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எழுதும் நான் உயிரோடு இருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். நான் இறந்துவிட்டேன் என்று அச்சடித்து ஒரு நாடு முழுக்க விற்கிறார்கள். ஆகவே இதை முதலில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

1. நான் லா லிமாவில் பிறந்து வளர்ந்தவள். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது என் வேலை. பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்குச் சேறு நின்றது. நானும் அப்போது ஐந்து வயதான என் மகளும் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தோம். தாரியெலாவின் தந்தை அதற்கும் முன்பே வடக்கே, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆகவே சோப்பு உறை அவரை இறந்தவர் என்று சொல்வதில் எனக்கு வழக்கு இல்லை.

2. அந்த முகாமுக்குத்தான் காசா எஸ்பிகாவின் இயக்குநர் திருமதி ஓல்கா ரெகலாடோ வந்தார். எல்லாரும் அவரைத் தோன்யா ஓல்கா என்று மரியாதையாக அழைப்பார்கள்; நானும் அப்படித்தான் அழைத்தேன். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நீ வேலைக்குப் போ எர்லிண்டா. பிள்ளைய நாங்க பாத்துக்கறோம். சோறு, பள்ளிக்கூடம் எல்லாம் எங்க பொறுப்பு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ, சாயங்காலம் கொண்டுவந்து விடு.” நான் மகளைத் தத்துக் கொடுக்கவில்லை. தங்கிப் படிக்கும் பள்ளியில் விடுவது போல விட்டேன். காய்ச்சலில் கிடந்தாலொழிய எந்த ஞாயிறும் தவறியதில்லை. இதைக் காவலாளியும் சமையல்காரரும் அறிவார்கள்.

அங்கே அவளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்பதையும் மறைக்க மாட்டேன். அந்த நன்றி எனக்கு இருந்தது. அவர்களேதான் அதை மிதித்து நசுக்கினார்கள்.

3. இந்த ஆண்டு ஒரு ஞாயிறன்று தாரியெலா ஒரு சோப்புக் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இல்லத்துக்குப் பணம் அனுப்பும் கனடா சோப்புக் கடையிலிருந்து பெட்டி வந்ததாம், ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். உறையில் என் மகளின் முகம் இருந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது, ஐயா. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்து அறையில் இருக்கும் எல்மெர் கால் சென்டரில் வேலை பார்ப்பவர், அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு உறையை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, “அக்கா, இதுல நீங்க செத்துப்போயிட்டீங்க” என்றார்.

வெள்ளத்தில் தாயையும் தந்தையையும் இழந்த தாரியெலாவுக்கு நீங்கள் வாங்கும் இந்தச் சோப்பு ஒரு வீட்டைத் தருகிறது என்று அதில் இருந்தது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. “அது சும்மாம்மா. தோன்யா ஓல்கா சொன்னாங்க. இங்கிலீஷ்ல மட்டும்தான் நீ செத்துட்ட” என்றாள்.

4. அன்று மாலை மகளைக் கொண்டுபோய் விட்டபோது இயக்குநரிடம் உறையைக் காட்டிக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. “அங்க இருக்கற ஜனங்க வேற மாதிரி, எர்லிண்டா. அம்மா உயிரோட இருக்கான்னா, அந்த அம்மா என்ன பண்றா, ஏன் பாத்துக்கலன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. செத்துட்டான்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தச் சோப்புலதான் இத்தனை பிள்ளைங்க சாப்பிடுது. உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

“நானே குறைஞ்சுபோயிட்டேனே, தோன்யா” என்றேன்.

உறையை மாற்ற வேண்டும், மகளை நான் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். இப்போது எனக்கு ஓர் அறை இருக்கிறது. பகல் வேலையும் கிடைத்திருக்கிறது. எல்மெரின் தாயார் மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். இயக்குநர் உடனே சம்மதித்தார். பரீட்சை முடியட்டும், தாராளமாக அழைத்துப் போ என்றார். அவர் எதற்காக அவகாசம் வாங்கினார் என்பது அடுத்து நடந்ததில் தெரிந்தது.

5. பரீட்சைக்கு முந்திய ஞாயிறு வழக்கம்போல இல்லத்துக்குப் போனேன். கோழியும் வாழைக்காய் வறுவலும் ஒரு பெரிய டப்பாவில் கொண்டுபோனேன். மகளோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தோம். வாசலில் மஞ்சள் பலூன்கள் கட்டியிருந்தன. காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், “இன்னிக்கு உங்கள உள்ள விட வேணாம்னு உத்தரவும்மா. நாளைக்கு வாங்களேன்” என்றார். நாளைக்கு எனக்கு வேலை, ஞாயிறுதான் என்னுடையது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முற்றத்தில் சோப்புக் கடையின் உரிமையாளர் திருமதி லொரேன் பிரிட்சார்ட் இருந்தார். அவரோடு அவருடைய வாடிக்கையாளர்கள் சிலர், படம் பிடிக்க ஒரு இளைஞர். நீண்ட மேசையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். தாரியெலா புதுக் கவுன் போட்டு அந்த அம்மையாரின் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் ஒரு அடி எடுத்து வைத்தாள். இயக்குநரின் கை அவள் தோளில் விழுந்தது.

இயக்குநர் என்னைத் திட்டவில்லை, துரத்தவும் இல்லை. சிரித்த முகத்தோடு, எல்லாருக்கும் கேட்கும்படி, “தாரியெலா, கண்ணு, இந்தம்மாவ உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

ஐயா, என் மகள் என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்தாள். “தெரியாது” என்றாள். பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து, “சாப்பாடு விக்கறவங்க போல” என்றும் சொன்னாள்.

அதை யாரோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்கள். திருமதி பிரிட்சார்ட் முகம் மலர்ந்து, பையைத் திறந்து, பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி என்னிடம் காசை நீட்டினார். நான் தொடவில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அப்போதே ஏன் கூச்சல் போடவில்லை என்று தாங்கள் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. என் மகள் இரண்டு கையாலும் தன் கவுனைக் கசக்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் அத்தனை பேருக்கு முன்னால் அவள் பொய்க்காரி ஆவாள். பெற்றவள் அதைச் செய்ய மாட்டாள். அந்த இயக்குநர் இதையும் கணக்குப் போட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

6. மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளை அழைத்துவரப் போனேன். இயக்குநர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “எந்தப் பிள்ளைய? அந்தப் பிள்ளையே உன்னத் தெரியாதுன்னு சொல்லிடுச்சு. எல்லாம் படத்துல இருக்கு. யாரோ ஒரு பொம்பள வந்து கேட்டா தூக்கிக் குடுத்துட முடியுமா? நான் சட்டப்படி நடக்கறவ” என்றார். நான் அழவில்லை. “தோன்யா, அந்தப் படத்த முழுசா வையுங்க. உங்க கை எங்க இருந்துச்சுன்னு எல்லாரும் பாக்கட்டும்” என்றேன். காவலாளியைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார்.

7. இல்லத்தின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் கம்பி வேலி இருக்கிறது. அங்கே போய் நின்றேன். பிள்ளைகள் துணி உலர்த்த வந்தபோது தாரியெலாவும் வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் பேசியது இதுதான்:

“அம்மா, கோவமா?”

“இல்லடி.”

“தெரியும்னு சொன்னா சோப்பம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களாம். பொடிசுங்களுக்குச் சாப்பாடு இருக்காதாம். உனக்கு நெல்சனத் தெரியுமில்ல, அவனுக்கு இன்னும் பல்லே சரியா மொளைக்கலம்மா.”

“உனக்கு யாரு சொன்னது?”

“தோன்யாதான். ரொம்ப நாளா சொல்லித் தந்தாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ கொண்டுவந்த கோழிய அவங்களுக்கே வெச்சுட்டாங்க. எனக்கு ஒரு துண்டுகூடத் தரல” என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குள் ஒரு பணியாளர் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார். இப்போது அந்த வேலி முழுக்கத் தகரம் அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் என்னை விடுவதில்லை. அதற்குப் பிறகு நான் என் மகளைப் பார்க்கவில்லை.

8. திருமதி பிரிட்சார்ட் ஊர் திரும்புமுன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு எல்மெரை அழைத்துக்கொண்டு போனேன். தாரியெலா பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களை என் செல்பேசியில் காட்டினேன். அந்த அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தனக்கு எதுவும் தெரியாது என்றார். அதை நம்புகிறேன். என்னோடு இல்லத்துக்கு வந்து இதை இயக்குநரின் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அழுகை நின்றுவிட்டது. தன் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் சோப்பு வாங்க மாட்டார்கள், கடையும் போகும், இல்லமும் போகும் என்றார். பிறகு யோசித்து ஏதோ சொன்னார். எல்மெர் அதை மொழிபெயர்க்காமல் நின்றார்.

“அக்கா, இத நான் சொல்லித்தான் ஆகணுமா?”

“சொல்லு.”

“அடுத்த சோப்புல உங்களையும் பாப்பாவையும் சேத்துப் படம் போடலாமான்னு கேக்கறாங்க. தொலஞ்ச அம்மா கெடச்சுட்டாங்கன்னு போடுவாங்களாம். இன்னும் நல்லா விக்குமாம்.”

“நான் தொலையலன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை தவறாம வாசல்ல வந்து நின்னவ எப்படித் தொலைவா?”

எல்மெர் சொன்னார். அந்த அம்மையார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அடுத்த நாள் விமானம் ஏறிவிட்டார். முற்றத்தில் எடுத்த படம் இன்று அவருடைய கடையின் இணையப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நானும் வருகிறேன். தன் ஏழ்மையிலும் அநாதைகளுக்கு உணவு தந்த உள்ளூர் வியாபாரி என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறது. “தெரியாது” என்று என் மகள் சொன்ன இடத்தை வெட்டிவிட்டார்கள். கீழே நூற்றுக்கணக்கான பேர் இதயக் குறி போட்டிருக்கிறார்கள்.

என் மகளின் முகத்தைக் கிழித்துக் குப்பையில் எறிந்துவிட்டு அவர்கள் கை கழுவுகிறார்கள், ஐயா. இரக்கம் என்று அதற்குப் பெயர்.

9. காவல் நிலையத்திலும் முறையிட்டேன். அங்கே மேசையில் இருந்தவர், “சோப்பு சரியில்லன்னா சுகாதாரத் துறைக்குப் போம்மா” என்று சொல்லித் தன் பக்கத்தில் இருந்தவரைச் சிரிக்க வைத்தார். ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

10. நான் ஏழை, பிள்ளைக்கு அங்கே வசதி அதிகம் என்று அவர்கள் தங்களிடம் சொல்லக்கூடும். நான் ஏழைதான். ஆனால் ஏழையாக இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. முதலாவது என் நிலைமை. இரண்டாவது அவர்கள் எனக்குச் செய்தது. அந்த இல்லத்தை இழுத்துப் பூட்டச் சொல்லியும் நான் கேட்கவில்லை. உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற உயிரோடு இருக்கும் தாய்மார்களைக் கொல்ல வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். அந்த மேசையில் என் மகளைப் போல இன்னும் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள் என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

ஆகவே, என் மகள் தாரியெலாவை உடனடியாக என்னிடம் ஒப்படைக்கவும், அவள் படத்தையும் பெயரையும் வைத்து நடக்கும் விற்பனையை நிறுத்த அந்தக் கடைக்கு எழுத்து மூலம் உத்தரவு அனுப்பவும், இயக்குநர் திருமதி ஓல்கா ரெகலாடோ மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிறப்புப் பதிவு நகலும் சோப்பு உறையும் இணைத்துள்ளேன்.

கடைசியாக, விசாரணை பற்றி ஒன்று. தாங்கள் என் மகளை வரவழைத்தால், என்னைக் காட்டி ‘இவர் யார்’ என்று அவளிடம் கேட்க வேண்டாம். தங்கள் அதிகாரிகளும் கேட்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையை ஒருமுறை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தியாயிற்று. யாருடைய பசி அவள் பதிலில் தொங்குகிறது என்று யோசித்து யோசித்து அவள் மறுபடி என் முகத்தைப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும் என்றால் தோன்யா ஓல்காவைக் கேளுங்கள். நான் எதிரே நிற்கிறேன். என்னைத் தெரியுமா என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.

இங்ஙனம்,
தாரியெலாவின் தாய்,
எர்லிண்டா ஃபூனெஸ்
(கையொப்பம்)

இடம்: லா லிமா
நாள்: 11 டிசம்பர் 2023