பளிச்சென்ற சிவப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். இங்கே ஈஜோக்கில் நான் நலம்.

எங்கள் தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சிக் கட்டும் மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். பார்க்கப் பிடிக்காது, ஆனால் நல்லது. நேற்று நாள் கடந்த பொட்டலங்களைப் பிரித்தார்கள். புளித்த வாடை அடித்தது, கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதையே நறுக்கித் தட்டில் வைத்து ஆக்சிஜன் அடைத்ததும் பளிச்சென்று சிவந்துவிட்டது.

தரம் பார்த்து, விற்கலாம் என்று கையெழுத்துப் போடுபவள் நான். மேலாளர் சுகுமாரன் சிரித்தார். "கையெழுத்தைப் போடுங்க லா, சந்திரிகா. நீங்களா சாப்பிடப் போறீங்க?"

அவரும் மாடு சாப்பிடமாட்டார். நாம் தின்னாததை யாரோ தின்னட்டும் என்ற அந்த நினைப்புதான் இன்னும் என் மேல் நாறுகிறது.

"பக்கத்து வீட்டு ஃபரிடா பிள்ளைங்களுக்கு இதைத்தான் வாங்குறா சார்," என்றேன். கையெழுத்துப் போடவில்லை.

இன்று என்னைப் பெட்டி கழுவும் பக்கம் மாற்றிவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், அங்கே குளிர் குறைவு. யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் சீயக்காய்த்தூள் அனுப்புங்கள்.

திங்கட்கிழமை வேறொருவர் கையெழுத்துப் போடுவாராம். அதற்குமுன் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவேன். வேலை போனால் வீட்டுக்குத்தான் வருவேன். என் கட்டிலில் அடுக்கியிருக்கும் துணிகளை எடுத்துவிடுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
சந்திரிகா