நைனாவின் சிவப்புக் கோட்டு

புளியந்தோப்பு
18.7.2004

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா கெங்கம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி அறிவும் சௌக்கியமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் கவலையெல்லாம். ஒரு நாள் மழைக்கே சந்தில் முழங்கால் தண்ணீர். அறிவுக்கு எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, முதல் நாளே சட்டை முழுக்க கிரீஸ். நீ ஊர் ஊராகப் பஸ்ஸில் தூங்கி எழுந்து, பாடுகிறவர்களுக்கு உடுப்பு எடுத்து வைத்து, கிழிந்ததைத் தைத்து, மேடை ஏறும்வரை தலை வாரிவிட்டு நிற்கிறேன் என்று போனில் சொன்னாய், எல்லாம் சரி, உன் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

நீ கேட்ட கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நைனா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதும்போது போட்ட சிவப்புக் கோட்டை அனுப்பு, எங்கள் பாடகர் மேடையில் போடுவார் என்றாயே, அதைச் சொன்னதும் மனுஷன் முகம் சுண்டிவிட்டது. "சாவு வூட்டுக்குப் போய்வந்த கோட்டு அது. யார்துன்னு எவனாவது கேட்டா பொண்ணு இன்னா பதில் சொல்லும்?" என்று பெட்டியைப் பூட்டிவிட்டார். நீ காலேஜில் படித்தபோது உன்னைப் பார்க்க வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று திரும்பிவிடுவாரே, அதே பயம். அந்தக் கோட்டுதானே உன்னைப் படிக்க வைத்தது. சண்டை போட்டால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் எதிர்வீட்டுப் பூமாரி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நிற்கிறாள், மகள் கல்யாணத்துக்கு உன் பேண்டு வந்து வாசிக்க வேண்டுமாம்! நீ பேண்டோடு ஊர் சுற்றுகிறாய் என்று நான் சொன்னதை நம் ஊர் பேண்டு செட்டு என்றே நினைத்துவிட்டாள். அது வெள்ளைக்காரன் பேண்டு, அதிலும் நீ வாசிப்பதில்லை, உடுப்புதான் பார்க்கிறாய் என்று சொல்லிச் சொல்லி எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் அசரவில்லை. "எந்தப் பேண்டா இருந்தா இன்னாக்கா? எங்கப்பா சாவுக்கு அண்ணன் அந்தச் செவப்புக் கோட்ட மாட்டிகினு முன்னால ஊதிகினு வந்தாரே, தெருவே எழுந்து நின்னுச்சு. கூலிக்காரன் மாதிரியா போனாரு எங்கப்பா? ராஜா மாதிரி போனாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன், கோட்டு கொடியில் தொங்குகிறது. அவரே அலசி, பித்தளைப் பொத்தானையெல்லாம் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். உங்கள் பாடகர் குண்டா ஒல்லியா என்று வேறு கேட்கிறார், கை இடுக்கில் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறதாம், பிரித்துக்கொள்ளலாமாம். பூமாரி மகள் கல்யாணத்துக்கு அவரே ஊதப்போகிறார், வெள்ளைச் சட்டையில்.

கோட்டு இந்தப் பார்சலில்தான் இருக்கிறது, பத்திரமாக வாங்கிக்கொள். இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொள்ளாதே. போகிற ஊரிலெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் அமையட்டும், நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, மறக்காமல் எழுதச் சொன்னார் நைனா. "யார்துன்னு யாரும் கேக்கலன்னாலும் எங்க நைனாதுன்னு சொல்லச் சொல்லு. டிரம்பெட் பரசுராமன்னு பேரையும் சேத்துச் சொல்லணும்."

இப்படிக்கு உன் ஆசை அம்மா,
கெங்கம்மா