நந்தவனத்துக்கு அறுபது வண்டி வைக்கோல்

நலம் சூழ்க, நீர்வளம் பெருகுக! மாறைநாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் இளஞ்சேய்மாற மன்னரின் முதலமைச்சர் இளம்பூதி மாராயர் எழுதுவிக்கும் ஓலை. மன்னருக்குத் தாய்மாமனும் அரண்மனை நந்தவனத்தைத் தம் பொறுப்பில் காப்பவருமான பொற்றையூர் நாடாள்வார் பூவண்ணதேவர் காண்க. தங்கள் ஏரி நிறைக; தங்கள் குடிகள் பசியறியாதிருக்க.

நந்தவனத்து மண் காய்ந்துபோகாதபடி மூடாக்கிட அறுபது வண்டி வைக்கோல் வேண்டுமெனத் தாங்கள் கேட்டது கண்டோம். கண்டது முதல் நமக்கு உறக்கமில்லை. தோட்டத்துப் பாத்திகள் நூற்றறுபது. நான்கு விரல் கனத்தில் நாமே முன்னின்று பரப்பிப் பார்த்தோம். ஒரு வண்டி எட்டுப் பாத்திகளை மூடிற்று. ஆக, இருபது வண்டி போதும். வைக்கோல் அமுங்கும், காற்றில் பறக்கும் என்று தாங்கள் சொல்லியனுப்பியதை ஏற்று இன்னும் ஐந்து கூட்டினோம். அதற்குமேல் கொட்டினால் மல்லிகை வேரழுகிச் சாகும் என்பதை, பூவோடு வாழும் தாங்கள் அறியாதவரா?

மழைக்காலம் தொடங்கவிருக்கையில் மண் காயுமென்ற கவலை ஏன்? நேற்றுக் கோட்டைக்கு வெளியே திடலில் வந்து நின்ற வண்டிகளின் சக்கரங்கள், கருங்கல் ஏற்றியவைபோல் மண்ணில் புதைந்தது ஏன்? நந்தவன வண்டியைக் காவலர் ஈட்டியால் குத்திச் சோதிப்பதில்லை என்னும் மரபையும், வரும் முழுநிலா நாளில் மன்னர் வாளை வாயிலில் வைத்துவிட்டுத் தனியே பூக்கொய்யப் புகுவார் என்னும் மரபையும் நம்மைவிடத் தாங்கள் நன்கறிவீர்கள். தந்தையில்லாத அப்பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் தாங்கள். அதனாலேயே இதை எழுத நெஞ்சு நோகிறது, எழுதாதிருக்கவும் அச்சமாயிருக்கிறது.

ஆதலால் இது மன்னர் பெயரால் கட்டளை. மரபு கெடாது; எவ்வண்டியிலும் ஈட்டி பாயாது. தாங்கள் விரும்பும் இருபத்தைந்து வண்டிகளைத் திடலிலேயே பிரித்து, வைக்கோலைத் தலைச்சுமையாக நந்தவனம் சேர்ப்பிக்க. மற்ற முப்பத்தைந்திலும் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தங்கள் கையாலேயே தீயிடுக. அதற்கு முன் பறையறைந்து, உள்ளே உயிரேதும் இருப்பின் இறங்கி வரலாமென உரக்க அறிவிக்கப்படும். எம் வில்லாளர் சூழ நிற்பர். இவ்வோலை கொணரும் தளபதி, தாங்கள் படித்து முடித்த கணம் முதல் தங்களைவிட்டு அகலார்.

மீன்கொத்தி முத்திரை இட்டோம். தாங்கள் பிழை செய்தது அளவில் மட்டுமே என்றால், எரியப்போவது வைக்கோல் மட்டுமே.