நம் கிணற்றில் எரிந்த மோட்டார்

அன்புள்ள அப்பா,

நீங்கள் இருந்தவரை என் குரல் கேட்டதும் முதலில் விசாரிப்பது, "தென்னைக்குத் தண்ணி பாஞ்சுதா?" என்றுதான். பாயவில்லை அப்பா. நேற்று மாலை மோட்டார் எரிந்துவிட்டது.

உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோவையில் அதே பம்ப் கம்பெனி, அதே ஆராய்ச்சிப் பிரிவு. வோல்டேஜ் குறைந்தாலும் எரியாத மோட்டாரைக் கண்டுபிடித்து நீங்கள் வாங்கிய கேடயம் இன்னும் கம்பெனி வரவேற்பறையில் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வழக்கத்தைத்தான் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

எந்தப் புது மோட்டாரும் பொள்ளாச்சியில் நம் தோட்டத்துக் கிணற்றில் ஒரு கோடை ஓடிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பீர்களே, அது. சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பார்களா என்று முதலாளியிடமே கேட்டவர் நீங்கள். இப்போது இருப்பது அவர் மகன். விலையைக் குறைக்கப் புது மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியம் சுற்றச் சொன்னார். லேபில் தேறிவிட்டதே, பிறகென்ன என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கிவந்து நம் கிணற்றில் மாட்டினேன்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரம். வோல்டேஜ் இறங்கியது. உங்களைப் போலவே புறங்கையை வைத்துப் பார்த்தேன்; சுட்டது. நிறுத்திவிடலாமா என்று கை பரபரத்தது. தண்ணீர் பாய்ச்சுகிற விவசாயி நிறுத்த மாட்டாரே என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். குழாயில் தண்ணீர் நின்றது.

போனில் சின்ன முதலாளி பதறவே இல்லை. லோ வோல்டேஜுக்கு நாம் என்ன செய்வது, மோட்டாரில் குறையில்லை என்றார். அதைக் கடைக்கு அனுப்ப இன்று காலையில் நான் ஒப்புதல் தராவிட்டால், தருவதற்கு வேறு ஆள் இருக்கிறாராம். லோ வோல்டேஜ் என்ன, விருந்தாளியா? நம் ஊர் வெயில் மாதிரி தினமும் இருப்பதுதானே? எனக்கு ஆத்திரம். வேலை போய்விடுமே என்ற பயமும்தான்.

அம்மா வாடிய தென்னங்கன்றுகளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சொன்னாள்.

"உங்கப்பாரு நம்ம கெணத்துல எரிச்சுப்போட்ட மோட்டாருக்குக் கணக்கே இல்ல கண்ணு. ஆனா ஒண்ணுகூட அடுத்தவங்க கெணத்துல எரிஞ்சதில்ல."

சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்டுவரப் போய்விட்டாள்.

நான் ஒப்புதல் தர மாட்டேன் அப்பா, இது சத்தியம். கருகிய மோட்டாரைக் காரில் ஏற்றிவிட்டேன். உங்கள் கேடயத்துக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைக்கப் போகிறேன். வருகிறவர்கள் அதையும் போட்டோ எடுக்கட்டும்.

நாற்காலி போனாலும் என்றும் உங்கள் மகள்,
சுமதி