உப்பளத்துக் கொற்றியின் ஓலைவழி வாணிகம் குறித்து ஏழு சாவடிக்கும் விடுத்த கட்டளை

கடல் கரை தாண்டாதிருக்க. கழி வற்றாதிருக்க. நின்று உழைப்பவர் பாதம் நோவாதிருக்க.

உவர்க்கரை நாடும் அதன் மேற்கே மேட்டு நாடு மூன்றும் ஒரு குடைக்கீழ் வைத்து ஆளும் கோவிளங்கீரர் திருவாணையால், அவர்தம் பேரமைச்சர் பெருந்திரையனார், ஏழு சாவடியிலும் ஓலை சுமந்தோடும் ஓட்டர்களின் தலைவர்க்கும், முத்தூற்றுப் பேட்டை வணிக சபையார்க்கும், கடை விரிக்காமல் ஓலைவழி விற்போர் யாவர்க்கும் விடுத்த ஓலை. உங்கள் ஊர்களில் பருவம் தப்பாமல் மழை பெய்ததென்றும், ஓட்டர்களுள் காய்ச்சல் கண்டவர்கள் தேறி எழுந்தார்களென்றும் கேட்டு மன்னர் மகிழ்ந்தருளினார். அரண்மனையில் யாவரும் நலம். இவ்வோலை சாவடி வாசலில் வாய்விட்டு வாசிக்கப்படக் கடவது. எழுத்தறியாதவரும் நின்று கேட்கக் கடவர்.

வேண்டுவோர் தம் வேண்டுகையை ஓலையில் எழுதிச் சாவடியில் கொடுக்க, ஓட்டர் அதைச் சுமந்துபோய் விற்பவர் வீட்டில் சேர்க்க, பொருளும் அவ்வழியே திரும்பி வருகிற புதுவாணிகம் ஒன்று நம் நாட்டில் பெருகியிருக்கிறது. வாங்குபவர் விற்பவரைக் காண்பதில்லை. விற்பவர் வாங்குபவரைக் காண்பதில்லை. இதற்கு எது முறை, எது பிழை என்று வணிக சபையார் எழுதிக் கேட்டார்கள். கேட்டதற்குக் காரணமாயிருந்தவள் கொற்றி.

கொற்றி என்பவள் பேட்டைக்குத் தெற்கே உப்பளத்தில் இருபத்தேழு ஆண்டு உப்பு வாரினவள். காலையில் கண்காணி ஓலையைப் பார்த்துக் கூலியாள் பெயர் வாசிக்கையில் சில நாள் அவள் பெயரை மட்டும் தாண்டிப் போவான். ஓலையில்தான் இல்லையா, அவன்தான் தாண்டுகிறானா என்று அறியவேண்டி நாற்பதாம் வயதில் எழுத்துப் படித்தாள். பெயர் ஓலையில் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் உப்பு வாரப் போனாள்.

உப்பில் நின்று நின்று குதிகால் வெடித்து, வெடிப்பும் மரத்து, முள் தைத்தால் இரத்தத்தைப் பார்த்துத்தான் அறிவாள் என்னும் நிலை வந்தது. புங்கெண்ணெயும் குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்த்துக் களிம்பு ஒன்று தனக்கென்று காய்ச்சிக்கொண்டாள். உடன் வாருகிறவர்கள் கேட்டார்கள். பிறகு அவர்களுடைய ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நடந்துபோய்க் கொடுக்கக் கால் இடங்கொடாதபடியால், எழுதி அனுப்புங்கள் என்றாள். இவ்வளவே தொடக்கம். தான் செய்வதற்கு வாணிகம் என்று பெயர் உண்டென்பதையே சபையார் ஆள் விட்டு அழைத்தபோதுதான் அறிந்தாள்.

பேட்டை மண்டபத்தில் அமைச்சர் வீற்றிருக்க, அவரவர் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டது. பேச்சைத் திருத்தினால் சாட்சி திரிந்துபோம் என்பது அவர் கொள்கை.

சபைத் தலைவர் மாறன் குடத்தான் எழுந்து, “கடையே இல்லாதவ கடைக்காரியா? அப்போ தோணி இல்லாதவன்லாம் மீன் பிடிக்கானாக்கும்!” என்றார். சபை சிரித்தது.

“தூண்டில் போட்டுப் பிடிக்கான்லா, முதலாளி” என்றாள் கொற்றி. சபை மறுபடியும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள், அவ்வளவுதான்.

அமைச்சர் தீர்த்தது யாதெனில், கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விற்பவர் விற்பவரே. குடிசை அடுப்பில் காய்ச்சி விற்பவரும் தாம் வாழும் ஊர்ச் சாவடியில் தம் பெயரும் இடமும் விற்கும் பொருளும் பதிந்து முத்திரை பெறக் கடவர். வாங்குபவர்க்கு முகம் தெரியாதபடியால், முகத்துக்கு ஈடாக இந்தப் பதிவாவது இருக்க வேண்டும். கொற்றியும் அன்றே பதிந்து முத்திரை பெற்றாள்.

அடுத்து, களிம்பு அடைத்த தேங்காய்ச் சிரட்டையின் மேல் கொற்றி மெழுகில் ஒரு சங்கு குத்தியிருந்தாள். குடத்தான் குடும்பத்துச் சரக்கின் அடையாளம் சங்கு. கேட்டதற்கு அவள், “நல்ல சரக்குல எல்லாம் சங்கு இருந்துச்சு எசமானே. நல்லதுன்னு சொல்றதுக்கு அதுதான் எழுத்தாக்கும்னு நினைச்சேன்” என்றாள்.

“அது எங்க தாத்தா வச்ச சங்கும்மா!” என்று குடத்தான் கத்தினார்.

“அப்போ எடுத்துக்கோங்க. எனக்கென்ன, கடல்ல கிடக்கு.”

பிறர் அடையாளத்தை அறியாமல் இட்டாலும் பிழை பிழையே என்று தீர்ந்தது. அன்றுமுதல் அவள் தன் கட்டைவிரலை மெழுகில் பதிக்கிறாள். வழியில் சிரட்டை உடைந்தால், கட்டியது தளர்ந்திருந்தால் விற்பவர் பொறுப்பு, கட்டியது இறுகியிருந்தால் ஓட்டர் பொறுப்பு. ஆகாததை ஆகும் என்று எழுதி விற்பவர் பொருளைத் திரும்பப் பெற்று, வாங்கின விலையையும் திருப்பக் கடவர். இதில் கொற்றிமேல் குறையில்லை. அவள் எல்லார்க்கும் ஒரே மறுமொழிதான் எழுதியிருந்தாள்: வெடிப்புக்கு ஆகும், மற்றதற்கு அறியேன், ஆகாவிட்டால் திருப்பி விடுக.

சபையார் கேட்டவை இவ்வளவே. கேளாத ஒன்று மண்டபத்தின் கடைசித் தூணருகே உட்கார்ந்திருந்தது.

அவர் ஒரு சமையற்காரர். யாத்திரிகர்க்குச் சோறிடும் அறச்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டு உலை வைத்தவர். அவர் பெயரும் ஊரும் இவ்வோலையில் இல்லை. வாசிப்பவர் தேடவும் வேண்டாம். அவர் முன்கையில் வெண்புள்ளிகள் கண்டிருந்தன. துணி சுற்றி மறைத்துக்கொண்டு, தம் மனைவிக்கும் சொல்லாததைக் கொற்றிக்கு எழுதினார்: கையில் வெள்ளை பரவுகிறது, உன் களிம்பு கேட்குமா, சோறு வடிக்கிற கை, என் பெயர் வெளியே போக வேண்டாம். கொற்றி எழுத்துக்கூட்டி வாசித்தாள். வழக்கமான மறுமொழி எழுதிச் சிரட்டை ஒன்று அனுப்பினாள். பிறகு அவர் ஓலையை எடுத்து நீரில் நனைத்து, பதப்படுத்தி, அடுத்து அனுப்ப வேண்டிய சிரட்டைக்கு மூடியாக வைத்துக் கட்டினாள்.

அந்தச் சிரட்டை குதிகால் வெடிப்புக்கென்று கேட்டிருந்த ஒரு பெண்ணிடம் போயிற்று. அந்தப் பெண், அதே அறச்சாலையின் கண்காணியை மணந்தவள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அமைச்சர் கேட்டார். கொற்றிக்குக் கேள்வி விளங்கவில்லை.

“வாசிச்சு முடிச்ச ஓலைதான எசமானே? சொல்ல வேண்டியத எனக்குச் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் அது வெறும் ஓலை. நாங்க பிறந்ததுலருந்து புளி கட்டுனது, கருவாடு கட்டுனது எல்லாம் ஓலையிலதான். எழுதுனதுங்கிறதுக்காக அது வேற சாதிச் சாமான்னு எனக்குத் தோணவே இல்ல.” பிறகு, “நான் வாசிச்சா இன்னொருத்தரும் வாசிப்பாகன்னு நினைக்கல. எங்க பக்கம் வாசிக்கிறது நான் ஒருத்திதான்” என்றாள்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நடந்ததை அவள் அறிந்தது இப்படி. ஒரு நண்பகலில் அந்தச் சமையற்காரர் இரண்டு நாள் வழி நடந்து அவள் குடிசைக்கு வந்தார். மெழுகு அடுப்பில் உருகிக்கொண்டிருந்தது. அவர் தம் வேலை போனதைச் சொன்னார். கண்காணியின் மனைவி மூடியைப் பிரித்து, அதிலிருந்த பெயரையும் நோயையும் உரக்க வாசித்ததையும், அன்று வடித்த சோற்றைக் குழி வெட்டிப் புதைத்ததையும் சொன்னார். கொற்றி கேட்டுக்கொண்டே கிளறினாள். கைவிட்டால் மெழுகு தீய்ந்துபோம். வெயிலில் வந்தவர் என்று கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

“என் கையில குடுக்கியே, பயமா இல்லையா?” என்று கேட்டார்.

“என் காலப் பாத்தீகளா?” என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனார். அழுகை வரும் என்று அவள் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. பிறகு மற்ற ஓலைகளை நினைத்தாள். இரண்டு ஆண்டாய் வந்தது எல்லாம் மூடியாய்ப் போயிருக்கிறது. மூலம், படை, பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறாத புண், கணவனுக்குத் தெரியாமல் கேட்ட மருந்து. எது எந்த ஊருக்குப் போயிற்றென்று அவளுக்குத் தெரியாது. ஆறு சிரட்டைக்குக் களிம்பு இருந்தது. ஊற்றி ஆறவைத்தாள். மூடாமல் வைத்துவிட்டாள்.

சமையற்காரர் மண்டபத்தில் சொன்னது: “என் பொஞ்சாதி கேட்டா, எனக்குச் சொல்லாதத எவளோ ஒருத்திக்கு எழுதுனியான்னு. அதுக்கு நான் என்ன சொல்ல? ஊர்ல சிரிக்காங்க, நான் சோறு வச்சா நாய்கூட மோந்து பாத்துட்டுப் போகுதாம்.” அமைச்சரோடு வந்திருந்த அரண்மனை மருத்துவர் அவர் கையைத் தொட்டுப் பார்த்து, அது ஒட்டுகிற நோயன்று, அவர் கையால் உண்பவர்க்கு ஒரு தீங்கும் இல்லை என்று உரைத்தார். “அய்யா சொல்லிட்டீங்க. அவங்க சாப்பிடணுமே” என்றார் சமையற்காரர்.

அப்போது குடத்தான், இனி இது நேராதிருக்க, வாங்கினவர் பெயரும் அவர் கேட்டதும் சபையில் ஒப்படைக்கப்படட்டும், சபை பத்திரமாய் வைத்திருக்கும் என்றார்.

கொற்றி, “நான் பத்திரமா வைக்கல. அது தப்பு. ஆனா அந்தப் பேரெல்லாம் வேற என்னத்துக்கு ஆகும்னு எனக்குத் தெரியாது முதலாளி, உங்களுக்குத் தெரியும். அதான் தர மாட்டேன்” என்றாள். பின் அமைச்சரைப் பார்த்து, “என் முத்திரைய எடுத்துக்கோங்க எசமானே. உப்பளத்துக்கே போறேன். அங்க யாரும் எனக்கு எழுத மாட்டாக” என்றாள். அவள் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பளத்தில் அவளால் இனி ஒரு கோடைகூடத் தாங்க முடியாது.

உமக்கு என்ன வேண்டும் என்று அமைச்சர் சமையற்காரரைக் கேட்டார். அரண்மனை மடைப்பள்ளியில் இடம் தருவதாகவும் சொன்னார். அவர் இடத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். என் ஓலை என் கைக்கு வரவேண்டும் என்றார்.

ஓட்டர் போனார்கள். அந்த ஓலை கண்காணி வீட்டில் இல்லை. ஏழு வீடு மாறியிருந்தது. ஒன்பதாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எண்ணெய் ஏறி, ஓரம் கிழிந்து, உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானா” என்றார். மடியில் செருகிக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கினார். கொற்றி நின்ற பக்கம் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஆகையால் மன்னர் திருவுளம் பற்றிய கட்டளை இது.

வாங்குபவர் எழுதிய ஓலை விற்பவர் உடைமை அன்று, அடைக்கலப் பொருள். வாசித்துத் தீர்ந்தபின்னும் அது அடைக்கலமே. அவரவர் ஓலை, எழுத்து உட்புறமாய் மடிக்கப்பட்டு, அவரவர் பொருளோடே அவரவர்க்குத் திரும்பக் கடவது. அதை வணிக சபை கேளாதிருக்க. கண்காணியும் கணவனும் மனைவியும் கேளாதிருக்க. நாமும் கேளோம்.

கொற்றியின் முத்திரை அவளிடமே இருக்கக் கடவது. பறித்தால் உப்பு அவளைத் தின்னும். பிழை மட்டும் அப்படியே நிற்கும். அவளுக்கு விதித்தது வேறு. யார் யார் மறைவு வெளிப்பட்டதென்று அவளுக்கும் தெரியாதபடியால், நடந்தது அனைத்தையும் அவளே தன் கைப்பட, வேறொருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் ஒன்றும் மறைக்காமல், சாவடிக்கு ஒன்றாக ஏழு ஓலை எழுதக் கடவள். மறைவு வெளிப்பட்டவர் பெயரை விட்டுவிடவும், தன் பெயரை விடாதிருக்கவும் கடவள். ஓலை போனவர் எவரும் அவள் வாசலுக்கு வந்து கேட்கலாம். அவள் எழுந்து நின்று பதில் சொல்லக் கடவள்.

இவ்வாணை கழி உள்ளளவும் கரை உள்ளளவும் நிற்பதாக. இதைக் காப்பவர் பாதம் எம் தலைமேல் இருப்பதாக. இதை அழிப்பவர் தம் மறைவைத் தாமே சந்தையில் கேட்பாராக.

கோவிளங்கீரர் திருமுத்திரை இடப்பட்டது. பெருந்திரையனார் பார்த்து, சரி என்றார்.

இவை உப்பளத்துக் கொற்றி எழுத்து. ஏழில் இது நான்காம் ஓலை. முதல் மூன்றும் எழுதும்போது கை வலித்தது. இப்போது வலி தெரியவில்லை. பேட்டைக்குத் தெற்கே, உப்பளத்து மடைக்கு எதிரே என் குடிசை. கேட்டுக்கொண்டு நிற்கிற உங்களில் யாருடைய ஓலை போயிற்று என்று எனக்கு நினைவில்லை. வந்து சொல்லுங்கள்.