கோகர்ணாவில் எடுத்த படம்

அக்டோபர் 8, 2001
காலையிலிருந்து மழை. பத்திரிகை ஆபீசில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டரில் பக்கங்களை வடிவமைத்து முடிப்பதற்குள் கழுத்து வலி. மத்தியானம் யாரோ ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆஸ்டின் டவுன் வார்டின் மாநகராட்சி கார்ப்பரேட்டர் மௌரீன், கணவர் ஜெயராஜோடு கடலில் குளிக்கிறார். உடம்பில் துணியில்லை. கோகர்ணா பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் அப்படிக் குளிக்கிற ஒதுக்குப்புறமாம். பாறை மேல் ஒளிந்திருந்து எவனோ எடுத்திருக்கிறான்.

படத்தை ஸ்கேன் செய்ததும் என் கம்ப்யூட்டரைச் சுற்றி ஆண்கள் கூட்டம். “இன்னும் பெருசு பண்ணுங்க மேடம்.” அவர்கள் மூச்சு என் கழுத்தில் பட்டது. சீ.

அக்டோபர் 9
“கறுப்புப் பட்டை அடிச்சு முதல் பக்கம். தலைப்பு – வெட்கம்!” என்றார் ஆசிரியர் ஸ்ரீகண்டன்.

“யாருக்கு சார்?”

அவருக்குப் புரியவில்லை. நான் செய்யமாட்டேன் என்றேன். இன்னொருவர் செய்தார்.

அக்டோபர் 10
பத்திரிகை முழுக்க விற்றுவிட்டது. வீட்டில் அஷ்வின், “பாலிடிக்ஸுக்கு வந்துட்டா பிரைவசி ஏது நிரு?” என்றான். சொல்லிக்கொண்டே படத்தை மறுபடி பார்த்தான். இந்த மனுஷனோடயா நான் குடும்பம் நடத்துறேன்?

அக்டோபர் 13
பிரஸ் மீட். பக்கம் வடிவமைக்கிறவள்தான் என்றாலும் கேட்டு வாங்கிக்கொண்டு நானே போனேன். மௌரீன் தனியாக வந்தார். கேள்விகளா அவை – எழுதக் கை கூசுகிறது. பின்வரிசையில் சிரிப்பு வேறு.

“நானும் என் ஹஸ்பண்டும் லீவுக்குப் போனோம். யாருக்கும் காட்டப் போகல. என் உடம்புல வார்டு சம்பந்தமா ஏதாவது இருந்தா கேளுங்கப்பா” என்றார்.

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஒருவரும் போடவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை ஸ்ரீகண்டன் அடித்துவிட்டார். வேலையை விட்டேன்.

நவம்பர் 4
மாநகராட்சித் தேர்தலில் கட்சி சீட் தரவில்லை. மௌரீன் சுயேச்சையாக நிற்கிறார். சுவரெல்லாம் அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். பூ விற்கும் பாஞ்சாலி கிழித்துக்கொண்டே கத்தினாள்: “நீங்கல்லாம் பேண்ட் போட்டுக்கினா குளிக்கிறீங்க?”

நவம்பர் 20
தோற்றுவிட்டார். டெபாசிட்டும் போச்சு. தெருவில் பட்டாசு. தூ.

ஜனவரி 20, 2002
மௌரீன் வீட்டுக்குப் போயிருந்தேன். படம் வந்ததிலிருந்து ஜெயராஜ் சர்ச்சுக்குக்கூடப் போவதில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போது பாஞ்சாலி ஓடிவந்தாள். மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

“நான் இப்ப கார்ப்பரேட்டர் இல்லம்மா.”

“தெரியும்க்கா. புது ஆளு கதவே தொறக்கல. நீ செருப்ப மாட்டு.”

மௌரீன் கிளம்பினார். நானும் போனேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால், ஜெயராஜ் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்.