இருபத்தோரு வளைவுகளுக்கு எட்டு பேட்கள்

நாள் 143 — 06:40
நிலவின் தென்துருவம். விளிம்பு நிலையம், வண்டிக் கொட்டகை. பதிபவர்: ஃப்ளோரன்ஸ் ராயன், வண்டிப் பராமரிப்பு.

வழக்கமான சோதனை. முன்சக்கர பிரேக் பேட்களில் மிச்சம் மூன்று மில்லிமீட்டர். பின்னால் நான்கு. மாற்ற வேண்டும். மோட்டாராலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு போன வாரம் எரிந்துபோனது. மாற்றுப் பாகம் ஐந்து நாளில் வரும் கப்பலில் இருக்கிறது. அதுவரை வண்டி பள்ளத்துக்குள் இறங்காது.

பள்ளத்தின் அடியில் பனிச் சுரங்கத்தில் இரண்டு பேர்: துளைப்பாளர் காதர் மொய்தீன், பனி ஆய்வாளர் மதுவந்தி. இருவரும் நலம். மேலே நான் ஒருத்திதான். காலையில் உப்புமா கிண்டினேன். உப்பு கூடிவிட்டது.

நாள் 143 — 09:15
கீழிருந்து செய்தி. காதர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் சொன்னது அப்படியே:

"தங்கச்சி, ஆக்சிஜன் இயந்திரம் வெடிச்சிருச்சு. தீயை அணைச்சாச்சு. மதுவந்திக்குக் கால் எலும்பு முறிஞ்சிருக்கு. கையிருப்புல பதினாலு மணி நேரத்துக்குத்தான் காத்து."

மேலே ஆறு ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருக்கின்றன. கப்பல் வரும்வரை இருவருக்கும் போதும். நடந்து இறங்கினால் பத்து மணி நேரம். விண்வெளி உடுப்பில் ஆறு மணி நேரக் காற்றுதான் இருக்கும். வண்டிதான் வழி.

பூமிக் கட்டுப்பாடு: "மோட்டார் பிரேக் இல்லாமல் இறங்க அனுமதி இல்லை. ஆலோசித்து ஆறு மணி நேரத்தில் சொல்கிறோம்."

ஆறு மணி நேரம் என்னிடம் இல்லை. வேலையை ஆரம்பிக்கிறேன்.

நாள் 143 — 09:50
பூமியில் பத்து வருஷம் கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் வேலை பார்த்தேன். வார இறுதியில் சொந்தக் காரைக் கொண்டுவந்து விரட்டி ஓட்டுபவர்களுக்கு பேட் மாற்றிக் கொடுப்பேன். எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள். சூட்டில் பிடி விடக் கூடாது, வீட்டுக்குப் போகும்போது கிரீச்சென்று கத்தவும் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது, ஒன்றை விட்டுக்கொடுங்கள் என்பேன்.

இங்கே எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. பதினான்கு கிலோமீட்டர் இறக்கம், இருபத்தோரு கொண்டை ஊசி வளைவுகள். காற்றே இல்லாததால் டிஸ்க்கின் சூடு வெளியேற நேரமாகும். சாதாரண பேட் பாதி வழியிலேயே வழுக்கிவிடும். சூட்டைத் தாங்குவது உலோக பேட். ஆனால் அது கத்தும். கத்தினால் நமக்குக் காதில் கேட்காது, அதிர்வு சக்கரம் வழியாகச் சரிவுக்குள் இறங்கும். போன மாதம் அப்படித்தான் பதினோராவது வளைவின் சுவர் சரிந்து ஒரு காலி வண்டியைப் புதைத்தது. சுரங்கக் குடில் இருப்பதோ இருபத்தோராவது வளைவுக்கு நேர் கீழே.

கிடங்கில் மூன்று வகை இருக்கின்றன. பிசின் பேட்: சத்தமில்லை, சூடு தாங்காது. உலோக பேட்: தாங்கும், கத்தும். மூன்றாவது சோதனைக்கு வந்த செராமிக் பேட்: சத்தம் குறைவு, ஓரளவு தாங்கும். அது நான்கே நான்குதான் இருக்கிறது. சக்கரத்துக்கு இரண்டாக எனக்கு எட்டு வேண்டும்.

முடிவு: இறக்கத்தில் பாரம் முன்னால் விழும், முன்சக்கரங்களுக்கு செராமிக். பின்னால் உலோகம். உலோகத்தைக் கத்தாமல் பழக்க வேண்டும்.

நாள் 143 — 13:30
பொருத்தியாயிற்று. உலோக பேட்களின் இரு ஓரங்களையும் அரத்தால் சாய்வாக அராவினேன். நடுவில் ஒரு காடி அறுத்தேன். பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அதிர்வை விழுங்க ஷிம் என்ற மெல்லிய தகடு வேண்டும், பின்சக்கர அளவில் இல்லை. சமையல் மேடைக்கு அடியிலிருந்த அதிர்வுத் தடுப்புத் தகட்டை வெட்டிப் போட்டேன். இரண்டு தகடுக்கு நடுவே பிசின் இருக்கிறது. எத்தனை டிகிரி தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரின் ஊசிகளைத் துடைத்து கிரீஸ் வைத்தேன். இடது கை விரல் நசுங்கியது. நகம் போய்விடும்.

நாள் 143 — 14:05
புது பேட்டை அப்படியே இறக்கத்தில் விடக் கூடாது. பத்து முறை வேகமெடுத்து, பத்து முறை அழுத்தி, நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அப்போதுதான் டிஸ்க்கில் ஒரே சீராக மெல்லிய படலம் படியும். பிடியும் அதில்தான், அமைதியும் அதில்தான். இப்படி ஆறு சுற்று வேண்டும். காற்றில்லாத இடத்தில் ஒரு சுற்று ஆறவே ஒரு மணி இருபது நிமிடம் ஆகும்.

கீழிருந்து: "தங்கச்சி, குடில்ல எங்கேயோ ஒழுகுது. பதினாலுன்னு சொன்னேன்ல, பதினொண்ணுதான் தேறும். இந்தப் புள்ள பயப்படுது. நான் பயப்படலைன்னு அதுகிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

ஆறு சுற்றுக்கு நேரமில்லை. இரண்டு.

நாள் 143 — 16:50
இரண்டு சுற்று முடிந்தது. மேட்டுத் தளத்தில் அதிர்வு மிகக் குறைவு. சிலிண்டர்களை ஏற்றிவிட்டேன்.

பூமி: "அனுமதி மறுக்கப்படுகிறது. நிலையத்திலேயே இருங்கள்."

வானொலியில் அவர்களின் அலைவரிசையை அணைத்தேன். இனி ஓட்டிக்கொண்டே பேசுகிறேன். கருவி எழுத்தாக்கிக்கொள்ளும்.

நாள் 143 — 17:35
எட்டாவது வளைவு. வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். முன் டிஸ்க் 340 டிகிரி. பின் டிஸ்க் 310. அதிர்வுமானி அமைதி. நன்றாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

நாள் 143 — 17:58
பதினான்கு. முன் 560. மிதியை முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. பதினோராவதில் புதைந்த வண்டியின் கூரை தெரிந்தது. பார்க்காமல் கடந்தேன்.

நாள் 143 — 18:16
பதினெட்டு. முன் 680. பின் 640. பின்னால் ஏதோ புகைகிறது. என் ஷிம்மின் பிசின். அதிர்வுமானி ஏறுகிறது. கூழாங்கற்கள் தடத்தில் உருண்டு வருகின்றன.

நாள் 143 — 18:27
இருபதாவது வளைவில் நிறுத்தினேன். நின்றபோது பின்சக்கரங்கள் கத்தின. இருக்கை வழியாக என் பல்லுக்குத் தெரிந்தது. மேலே சுவரில் மண் வடிகிறது. இன்னொரு முறை அழுத்தினால் எல்லாம் குடில்மேல் விழும்.

காதர் காக்காவை மேலே வரச் சொன்னேன். வளைவைச் சுற்றாமல் நேராக ஏறினால் ஒரு கிலோமீட்டர். சிலிண்டர்களைச் சறுக்குப் பலகையில் கட்டிவைத்துவிட்டேன். கைப் பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தேன்.

நாள் 143 — 19:12
வந்தார். கண்ணாடிக்குள் முகம் வெளுத்திருந்தது. கையைப் பிடித்தார். பலகையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கூட வரச் சொன்னார். கல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன்.

நாள் 143 — 19:26
டிஸ்க் ஆறுகிறது. ஆறினால் சுருங்கும். சுருங்கினால் கைப் பிரேக்கின் பிடி தளரும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபடி இறுக்கினேன், கம்பி முழுக்க வந்துவிட்டது, இனி இறுகாது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஒரு கல் நொறுங்கிவிட்டது.

நேர் கீழே காக்கா. அவருக்கும் கீழே குடில்.

பிரேக்கை அழுத்தினால் சுவர் விழும். அழுத்தாவிட்டால் வண்டி குடிலில் போய் விழும். யாராவது உள்ளே உட்கார்ந்து திருப்ப வேண்டும். குடிலுக்கு வலப்பக்கம் வெறும் தரை, பல கிலோமீட்டர்.

நான்: "காக்கா, தடத்தை விட்டு இடது பக்கம் ஒதுங்குங்க. பாறைக்குப் பின்னால போங்க."
அவர்: "என்ன தங்கச்சி பண்ணப் போற?"
நான்: "ஒதுங்கிட்டீங்களா?"
அவர்: "ஒதுங்கிட்டேன். பிரேக் போடும்மா. மண்ணு விழுந்தா விழட்டும்."
நான்: "கீழ மது படுத்திருக்கு காக்கா."

நாள் 143 — 19:31
கல்லை எடுத்துவிட்டேன். கால் மிதியில் இல்லை. நாற்பது. அறுபது. வளைவு இல்லை, நேராக இறங்குகிறேன். எண்பது. குடில் விளக்கு. வலது. வலது. திரும்பு

நாள் 143 — 20:20
உயிரோடு இருக்கிறேன். குடிலிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு குழியில் வண்டி பக்கவாட்டில் கிடக்கிறது. கதவு அடியில். என் உடுப்பின் காற்றுப் பெட்டி இருக்கைக்குள் நசுங்கிவிட்டது. இடது தோள் அசையவில்லை. வண்டியின் அறையிலிருந்து எங்கோ காற்று ஒழுகுகிறது.

சுவர் விழவில்லை.

கீழிருந்து மதுவந்தி: "அக்கா, சிலிண்டர் மாட்டியாச்சு. மூச்சு நல்லா வருது. நீங்க எங்க இருக்கீங்க? உங்ககிட்ட காத்து எவ்வளவு இருக்கு?"

அளவுமானியில் ஒரு மணி பத்து நிமிடம்.

"வண்டித் தடம் போற வழியில நாலு கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம் இருக்கு. காக்கா தூங்கி எழுந்து வரட்டும்" என்றேன்.

அவர் காலையிலிருந்து உட்காரவில்லை. உடுப்பில் காற்றை நிரப்பாமல் கிளம்பினால் அவரும் போய்விடுவார். அதனால்தான் பொய் சொன்னேன். இதைக் கண்டெடுப்பவர் மதுவந்தியிடம் சொல்லுங்கள்.

அடுத்து பேட் பொருத்துபவருக்கு: இரண்டு சுற்று போதாது. செராமிக் எட்டு கேட்டு வாங்குங்கள். பிசின் ஷிம் வேண்டாம்.

நாள் 143 — 20:49
முப்பத்தெட்டு நிமிடம். குளிர். அம்மாவின் தொலைபேசி எண்ணைச் சொல்லிப் பார்த்தேன், கடைசி இரண்டு இலக்கம் வரவில்லை.

ஜன்னல் மேல்பக்கம் இருக்கிறது. குழியின் விளிம்பு தெரிகிறது. அதற்கு அப்பால் கருப்பு.

நாள் 143 — 20:58
வானொலி: "ஒம்பது மணி நேரம்னு நீ சொன்னப்பவே உன் மூச்சு வாங்குனது எனக்குக் கேட்டுச்சு தங்கச்சி. நான் கடல்ல முத்துக் குளிச்சவன் பேரன். சிலிண்டரோட வந்துக்கிட்டிருக்கேன். பாதி தூரம் வந்தாச்சு. பதில் சொல்லாத."

பாதி என்றால் இரண்டு கிலோமீட்டர். சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தால் நாற்பது நிமிடம். என்னிடம் இருபத்தொன்பது.

நாள் 143 — 21:06
விளிம்பில் வெளிச்சம் இல்லை இன்னும். ஹீட்டரை அணைத்தேன், மின்சாரம் காற்றுப் பம்புக்குப் போகட்டும். பேசினால் காற்று கூடுதலாகச் செலவாகிறது.

இனி பேசவில்லை.